வாழி இல்லாத பாட்டுகள்

என் கணவர் செத்தவர்களைப் பாடிப் பிழைத்தவர். கோயில் கும்மிக்கும் பாடியிருக்கிறார், நடவுப் பாட்டும் பாடியிருக்கிறார், கேலிப் பாட்டு பாடி அடி வாங்காமல் தப்பி ஓடியும் வந்திருக்கிறார். ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் வரைக்கும் அவர் குரலைத் தெரிந்து வைத்திருந்த சனங்கள் அதைச் சாவு வீட்டில்தான் கேட்டிருந்தார்கள். அவர் முதல் அடி பாடுவார். நான் பின்பாட்டு. அவர் அடியை எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பதில் அடி பாட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அவர் விட்ட சொல்லைப் பிடிப்பதே என் வேலையாக இருந்தது.

என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை, பேய் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார். அப்படிப்பட்ட மனிதர் பெண்ணை இழவுப் பாட்டுக்காரருக்கு எப்படிக் கொடுத்தார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் இயக்கக் கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஆள் சேர்ப்பதற்கு மேடையில் பாடுகிறவர் இவர்தான். "கொரலு சுத்தமா இருக்கு, பயலும் சுத்தமாத்தான் இருப்பான்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ராகுகாலத்தில் மாலை மாற்றிக் கல்யாணம் முடிந்தது. மறுநாளே மாப்பிள்ளை செல்லியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்ததை நான் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அவருக்கு எல்லாவற்றிலும் பயம் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வாழியில். சாவு வீட்டில் பாட்டை அழுகையிலேயே முடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. பிணத்தை எடுத்த பிறகு, வாசல் கழுவிவிட்ட பிறகு, உயிரோடு இருப்பவர்களுக்காக நாலு அடி வாழ்த்திப் பாட வேண்டும். அதற்குப் பெயர் வாழி.

*அழுத கண்ணு காயட்டும் – அணஞ்ச அடுப்பு எரியட்டும்*

என்று அவர் எடுப்பார்.

*எரியட்டும் எரியட்டும் – இந்த வூடு வாழட்டும்*

என்று நான் முடிப்பேன். இப்படியே தொட்டில், தோட்டம், மாடு கன்று என்று போகும். கடைசி அடி மட்டும் பின்பாட்டுக்காரிக்குத் தனியாக உரியது. "கேட்ட சனம் வாழட்டும், பாடினவன் வாழட்டும்" என்று அதில் வரும். தன்னைத் தானே வாழ்த்திக்கொள்வது ஆணுக்கு அழகில்லை என்பதால் அதை நான் பாட வேண்டும். பஸ் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தில் அந்த அடியைக் கடகடவென்று சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் எழுந்திருப்பேன். அவரும் அதற்குள் பறையைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பார்.

வாழி பாடாமல் போனால் என்ன ஆகும் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "பாட்டு அந்த வூட்டுலயே நின்னுக்கும். அதுக்கு இன்னொரு பொணம் கேக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தடவை திருமானூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பங்காளிகளுக்குள் சண்டை வந்து, பாட்டு பாதியில் நின்று, நாங்கள் பஸ் ஏறிவிட்டோம். நாலு ஊர் தாண்டியதும் மனிதருக்கு வாழி ஞாபகம் வந்துவிட்டது. கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி, உச்சி வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த வீட்டுக்காரர்கள் சண்டை ஓய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுகிறவர்கள் எதிரில் நின்று "அணஞ்ச அடுப்பு எரியட்டும்" என்று பாடிவிட்டு வந்தோம். அன்றைக்கு வழியெல்லாம் எனக்கே அலுத்துப் போகும் வரைக்கும் அவரைத் திட்டினேன்.

பிறகு கேசட் வந்தது. திருச்சியில் ஒரு கம்பெனிக்காரர் எங்கள் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து விற்றார். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஒன்று, வாலிப வயதில் போனவனுக்கு ஒன்று. ரேடியோ செட்டுக்காரர்கள் சாவு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் "போனது யாருங்க?" என்று கேட்டு அதற்குத் தகுந்த கேசட்டை எடுத்துப் போடுவார்கள். யார் வீட்டு அடுப்பு அணைகிறதோ அதை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்டால், "ஒவ்வொண்ணுலயும் கடசில வாழி இருக்குல்ல, அப்பறம் என்ன?" என்பார். கேசட்டில் கூட அவர் அதை விட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் தொண்டை கம்மத் தொடங்கியது. பீடிதான் காரணம் என்று நான், பனிதான் காரணம் என்று அவர். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு திருச்சிக்குக் கொண்டுபோனோம். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, மூச்சு அந்த வழியாகப் போய் வந்தது. வாயை அசைத்தால் சொல் வரும், சத்தம் வராது. ஒரு மாதத்தில் அவர் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவர் ஓட்டையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். பாடினவனைப் பார்க்க வருகிறவர்கள் ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று அவருக்குக் கோபம். யார் வந்தாலும் தூங்குகிறார் என்று சொல்லும்படி என்னிடம் உதட்டசைப்பார்.

அப்போதுதான் கம்பெனிக்காரர் வந்தார். கேசட் காலம் முடிந்துகொண்டிருந்தது. "இனிமே புதுசா பாட முடியாது. இருக்கறதுல நல்லதா எடுத்து ஒரே சி.டி.யா போட்டுடலாம்க்கா. அண்ணன் பேரும் நிக்கும்" என்றார். நல்ல மனிதர், பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கேட்காமலே கூட அவர் செய்திருக்கலாம். அப்போது அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள், எந்த ஆபீசுக்கு எந்த ஊருக்குப் போவது என்று எங்களுக்கே தெரியாது. அட்டையில் எந்த மாவட்டத்தைப் போடுவது என்று கம்பெனிக்காரருக்கும் குழப்பம். கடைசியில் இரண்டு ஊர் பெயரையும் போட்டு, நடுவில் இவர் தலைப்பாகை கட்டிய படத்தைப் போட்டு, முப்பது வருடப் பாட்டுகளின் தொகுப்பு என்று அச்சடித்தார். அட்டையைப் பார்த்து என் கணவர் அழுதார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சந்தோஷத்தில் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பிளேயரை இரவல் வாங்கி வந்து போட்டோம். முதல் பாட்டு, தாய்க்கு. அவர் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அழுகை முடிந்து, வாழி எடுக்கும் இடம் வந்தது. அவர் உதடு "அழுத கண்ணு" என்று அசைந்தது. பெட்டிக்குள்ளிருந்து அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கடைசிப் பாட்டு முடியும்போதாவது வரும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை.

நான் அரியலூருக்குப் போய்ப் போன் போட்டுக் கேட்டேன். கம்பெனிக்காரர் மறைக்கவில்லை. "எல்லாப் பாட்டுலயும் கடசில அதே மெட்டு, அதே வரிக்கா. திரும்பத் திரும்ப வந்தா கேக்கறவன் அடுத்ததுக்குத் தள்ளிட்டுப் போயிடுவான். அத எடுத்ததாலதான் எல்லாப் பாட்டும் ஒரே சி.டி.ல அடங்குச்சு" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். என் கணவர் அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "ஊரெல்லாம் நிக்கும்டி" என்று உதட்டால் சொன்னார். "என்ன நிக்கும்?" "பாட்டு." நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெட்டினது கம்பெனி, பட்டினி கிடப்பது நீங்களா என்று கத்தினேன். குரல் இல்லாத மனிதரோடு சண்டை போடுவதைப் போல ஒரு பாவம் இல்லை, நாம் கத்துவது மட்டும்தான் வீட்டில் கேட்கும்.

எங்களுக்கு ஒரே மகள். விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். இழவுப் பாட்டுக்காரன் மகள் என்று தட்டிப்போன சம்பந்தங்களுக்கு நடுவில் அந்த வீட்டார் மட்டும் அதைப் பொருட்படுத்தாமல் எடுத்தார்கள். நல்ல குடும்பம், நாலு ஏக்கர் நிலம், மாமனார், மாமியார், மூத்த மகன், இளையவர் எங்கள் மாப்பிள்ளை. சி.டி. வந்த ஆறேழு மாதத்தில் மூத்தவர் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். அரியலூர்ச் சாலையில் வாரத்துக்கு ஒன்று அப்படிப் போகும், நம் வீட்டுக்கு வரும்வரை அது செய்தி. நான் போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தில் குழாய் கட்டி என் கணவரின் சி.டி. ஓடிக்கொண்டிருந்தது. என் பின்பாட்டை நானே கேட்டுக்கொண்டு சம்பந்தியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். பிணம் எடுக்கும்வரை அது நிற்கவே இல்லை.

வருஷம் திரும்புவதற்குள் சம்பந்தியும் போனார். காலையில் வயலுக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். மகன் போன துக்கம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். துக்க வீட்டில் வளைகாப்பு வைக்க முடியாது. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் தூக்கில் கட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். சம்பந்தியம்மா தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், சாப்பிடச் சொன்னார். மகள் பையைக் கட்டி வைத்திருந்தாள். கிளம்பலாமா என்றபோது அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சம்மந்தி. புள்ளய அனுப்ப மாட்டேன்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"ஒங்க வூட்டுக்காரரு பாட்டு வாழி இல்லாம எங்க வூட்டுல நின்னுபோச்சு. ரெண்டு எழவு ஆயிடுச்சு. மூணாவதா எம் பேரப்புள்ளயக் கேட்டுச்சுன்னா நா என்னா பண்ணுவேன்? அவரு வந்து வாழி பாடி முடிக்கட்டும். அப்பறம் அழச்சுக்கிட்டுப் போங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. லாரிக்காரன் குடித்திருந்தான், சம்பந்திக்கு முன்பே நெஞ்சுவலி இருந்தது, இதில் பாட்டு என்ன செய்யும் என்று கேட்டேன். பழைய கேசட்டில் வாழி இருக்கிறது, கொண்டுவந்து போடுகிறேன் என்றும் சொன்னேன். "மெஷினுதானே உட்டுட்டுப் போச்சு. மனுசன் வந்து முடிக்கணும்" என்றார். "அவருக்குத்தான் கொரலே இல்லையேங்க" என்றேன். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். புருஷனையும் மகனையும் பறிகொடுத்தவரோடு எத்தனை நேரம் வாதாட முடியும்? தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மகள் பையை அவிழ்க்காமல் பஸ் நிற்கும் இடம் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் என் கணவருக்குத் திருச்சியில் பரிசோதனை. டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். கட்டி மறுபடி வந்திருக்கிறது, இந்தத் தடவை வெட்டி எடுக்க இடமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் "என்ன சொன்னாரு?" என்று உதடு கேட்டது. "சளிதானாம், மாத்திரை குடுத்துருக்காரு" என்றேன். அவர் நம்பிவிட்டார். பரிசோதனை முடிந்த தெம்பில் பஸ்ஸில் வரும்போது, மகளை எப்போது அழைக்கப் போகிறாய் என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் எதையும் சேர்த்து மறைக்க முடியவில்லை. சம்பந்தியம்மா சொன்னதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், அந்த அம்மா கேட்டது நியாயம் என்று தலையாட்டினார். யார் வந்தாலும் தூக்கம் என்று சொல்லச் சொன்ன மனிதர், மறுவாரமே வெள்ளை வேட்டியும் சட்டையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

"நானே ரெண்டு அடியும் பாடிடறேன். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்திருங்க" என்றேன்.

வேண்டாம் என்று கையை ஆட்டினார். முதல் அடி அவருடையது. அதை அவர்தான் எடுப்பார், நான் வழக்கம்போல் முடித்தால் போதும். சத்தம் இல்லாமல் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, நீதான் என் உதட்டைப் படிக்கிறாயே என்றார்.

விக்கிரமங்கலத்தில் நாங்கள் போய் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. செய்தி தெரிந்து தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா வாசலைக் கழுவிவிட்டிருந்தார். என் மகள் உள்ளே கதவோரம் நின்றாள், வயிறு முன்னால் தெரிந்தது. என் கணவர் பறையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துத் துண்டை எடுத்துக் கீழே போட்டார். ஓட்டை எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

தட்ட ஆரம்பித்தார். உதடு அசைந்தது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் கழுத்து ஓட்டை வழியாகக் காற்று அந்த மெட்டுக்கே வந்தது. நீட்ட வேண்டிய இடத்தில் நீண்டது, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியது. முப்பது வருஷம் பாடிய மூச்சு அப்படித்தான் வரும் போலிருக்கிறது. அந்த வெறும் காற்று முடியும்வரை காத்திருந்து, "எரியட்டும் எரியட்டும்" என்று நான் எடுத்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் குரல் இல்லாமல் ஒற்றையாக அதை நான் கேட்டதே இல்லை. அடுத்து தொட்டில். அவர் உதடு "ஆடட்டும்" என்றது. நான் "ஆடட்டும் ஆடட்டும் – இந்த வூடு வாழட்டும்" என்றேன். கதவோரம் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். தோட்டம் வந்தது, மாடு கன்று வந்தது. சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இரண்டு சாவுக்குப் பிறகு அந்த முகம் தளர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாட்டில் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது, அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்கான அடிகள் முடிந்ததும் சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய் மகளின் பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"போதும் சம்மந்தி. மனசு குளுந்துபோச்சு. புள்ளய அழச்சுக்கிட்டுப் போங்க."

பெண்கள் எழுந்தார்கள். என் கணவரும் துண்டைத் தேடிக் குனிந்தார்.

"இன்னும் ஒரு அடி இருக்கு. உக்காருங்க" என்றேன். யாரையோ அதட்டுவது போல என் குரல் வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

*கேட்ட சனம் வாழட்டும் – பாடினவன் வாழட்டும்*

ஒரு தடவைதான் பாட வேண்டும். அதுதான் முறை. நான் மறுபடி பாடினேன். பாடினவன் வாழட்டும். நிறுத்த நினைத்தேன், வாய் நிற்கவில்லை. ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவள், கறுப்புச் சட்டைக்காரர் மகள், தெருச் சனங்கள் பார்க்க அதையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தேன். மகள் வந்து என் தோளைத் தொட்டு "அம்மா, போதும்மா" என்ற பிறகுதான் விட்டேன்.

என் கணவர் துண்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழியில் கால் காசுக்கு நம்பிக்கை இல்லாதவள் அதை இத்தனை தடவை பாடினால் அதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அரியலூரில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கணவர் என் கையைத் தட்டினார். உதட்டைப் பார்த்தேன்.

"டாக்டரு எப்ப சொன்னாரு?"

"போன வாரம்" என்றேன்.